பால் தீய்ந்தால் நல்ல படம்

கேமராவைத் தூக்கிக்கொண்டு விசேஷ வீடுகளுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வியாதிகள் வரும்: ஒன்று படம் எடுக்கிற வியாதி, இன்னொன்று அடுத்து வாங்க வேண்டிய லென்ஸைப் பற்றி வாசிக்கிற வியாதி. முதலாவது தானாகவே குணமாகிவிடும். இரண்டாவதற்குத்தான் மருந்து கிடையாது.

நான் சரவணம்பட்டியில் குடியிருக்கிறேன். சமையல், துணி, மாமியாரின் மாத்திரை எல்லாம் போக, அக்கம்பக்கத்தில் வளைகாப்பு, காதுகுத்து என்றால் படம் எடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். இரண்டாவது வியாதி முற்றி, முதலாவதே மறந்துபோய், கேமராவை விற்கிற கட்டம் வரைக்கும் போனவள் நான். உங்கள் வீட்டு அலமாரியிலும் பூஞ்சை பிடிக்காத பெட்டி ஒன்றில் லென்ஸ்கள் தூங்கிக்கொண்டிருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

வேட்டிக்குள் சூரியன்

ஒரு மழைக்காலச் சாயங்காலம், அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கொடியில் கிடந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்கு ஓடினேன். நாள் முழுக்க மலையை மூடியிருந்த மேகம் அந்த நேரம் பார்த்து விலகியது. மேற்கு மலை அப்படியே பெயர்ந்து அடுத்த தெருவுக்கு வந்துவிட்ட மாதிரி நின்றது. அதற்கு முன்னால், கொடியில் காற்றுக்கு உப்பிக்கொண்டு என் கணவரின் வேட்டி. உள்ளே சூரியன். கல்யாணமான நாளிலிருந்து நான் அலசிப் பிழிகிற வேட்டி அது. அதற்குள் இப்படி ஒரு வெளிச்சம் வந்து குடியிருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர் ஒருவர், யாராவது வாயைப் பிளந்து பார்த்தால் ஸ்கேலால் தாடையைத் தட்டுவார். ‘ஈ போகும், மூடு’ என்பார். அன்று தட்ட ஆளில்லை. வாயைப் பிளந்தபடியே போனில் ஒரு படம் எடுத்தேன். கீழே வந்தபோது பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரியாகியிருந்தது. பம்ப்செட் கம்பெனியில் இருந்து அப்போதுதான் வந்த என் கணவரிடம், திட்டு வாங்குவதற்கு முன் படத்தை நீட்டினேன். மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“பால் போனாப் போகுது அம்மணி. இது என்ற வேட்டியா?”

குளக்கரை நிபுணர்கள்

அந்த வேட்டிப் படத்துக்காக என் கணவர் எனக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார். கூடவே ஒரு சின்ன லென்ஸ் வந்தது. அது நீளாது, சுருங்காது. ஒன்றைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் நாம்தான் நடந்து கிட்டே போக வேண்டும். கேமரா வைத்திருப்பவர்கள் குழு ஒன்றில் சேரும்வரை அதில் எனக்குக் குறை தெரியவில்லை.

குழு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளக்கரையில் கூடும். ஆளுக்கொரு முழநீள லென்ஸோடு நின்று, அவரவர் லென்ஸ் எந்த அளவுக்குக் கூர்மை என்று பேசுவார்கள். என் லென்ஸைப் பார்த்துவிட்டு, வரன் தேடும் வீட்டில் உயரம் குறைந்த பெண்ணைப் பார்ப்பது போல ஒரு பார்வை. ஒருநாள் பேச்சு சூடாக நடக்கையில், எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு நாரைக் கூட்டம் எழும்பியது. தண்ணீரில் இன்னொரு கூட்டம் தலைகீழாகக் கூடவே பறந்தது. ‘சார், பாருங்க’ என்றேன். குழுவில் மூத்தவரான தங்கராஜ் சார், ஓய்வுபெற்ற இன்ஜினியர், போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“நாரை நாளைக்கும் வருங்க மேடம். இந்த ஆஃபர் இன்னிக்கோட முடியுது.”

பளிச் பளிச் வளைகாப்பு

சிரிக்காதீர்கள். அந்த ஆஃபரில் நானும் ஒன்று வாங்கினேன். பிறகு அதற்கு ஒரு துணை. பிறகு அவை எல்லாவற்றுக்கும் ஒரு பை, குட்டி ஆட்டைத் தோளில் போட்ட கனம். படம் எடுப்பதைவிட எந்த லென்ஸ் யாரை வென்றது என்று வீடியோ பார்ப்பதில் மதியம் போனது. சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே லென்ஸ் சண்டை பார்க்கிற ஒரே குடும்பத் தலைவி நானாகத்தான் இருப்பேன்.

எங்கள் தெரு திவ்யாவின் வளைகாப்புக்கு இரண்டு விளக்கு, அவற்றுக்குக் குடை, ஸ்டாண்டு சகிதம் போனேன். வளையல் போட வந்த பெண்களை எல்லாம் விளக்குக்கு வாகாக நகர்த்தினேன். சிரித்தவர்களை இன்னொரு தடவை சிரிக்கச் சொன்னேன். திவ்யாவின் அம்மா அழுத இடத்தில் ஒரு பல்பு எரியவில்லை என்று அதைத் திருகிக்கொண்டிருந்தேன். படங்களில் மூக்குத்திக் கல்லின் பட்டை வரைக்கும் தெரிந்தது. திவ்யா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள்.

“சூப்பரா இருக்குதுங்கக்கா. ஆனா நாங்க யாருமே அங்க இருந்த மாதிரி இல்லீங்க.”

யானை நின்றது

அந்தக் கேமரா வந்ததிலிருந்து என் அடுப்பில் ஒரு நாளும் பால் தீயவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கோளாறு என்னிடமா லென்ஸிடமா என்று யோசித்தேன். லென்ஸிடம்தான் என்று முடிவு செய்தேன். தொண்டாமுத்தூரில் கணவரின் நண்பருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. விடியற்காலையில் யானை வந்து போகிறது என்று அவர் மனைவி சாந்தி அக்கா சொன்னார். யானைக்கென்றே இன்னும் நீளமான லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு போய், அவர்கள் வீட்டு மாடியில் சாந்தி அக்காவோடு உட்கார்ந்தேன்.

முதலில் வந்தது சத்தம்தான். தென்னை மட்டை கிழிகிற சத்தம். பிறகு பனிக்குள் ஒரு பகுதி மட்டும் கறுத்தது. கறுத்த பகுதி நடந்தது. நீள லென்ஸில் அதன் நெற்றி மட்டும்தான் அடங்கியது, மாற்றத் தொடங்கினேன். ஒரு லென்ஸ் அக்குளில், ஒரு லென்ஸ் கையில், அதன் மூடி என் பல்லுக்கிடையில். நிமிர்ந்தால், யானை எங்களைப் பார்த்து நிற்கிறது. காதாட்டம் நின்றுவிட்டது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை. நெற்றியில் மண், தும்பிக்கையில் ஒரு பச்சைக் குருத்து, பின்னால் மலை முழுக்க விடிந்துகொண்டிருந்தது. எனக்கு என் பெயர் மறந்தது. ஆனால் கை மறக்கவில்லை பாருங்கள், குனிந்து லென்ஸைத் திருகியது. திரும்ப நிமிர்ந்தபோது பனியும், ஆடிக்கொண்டிருந்த ஒரு மட்டையும்தான் இருந்தன. சாந்தி அக்கா என் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்காகவே நின்ன மாதிரி இருந்துச்சுங்க. நீங்கதான் பையைப் பார்த்துட்டு இருந்தீங்க.”

வெளியே உட்கார்ந்த கேமரா

காரில் வரும்போதே முடிவெடுத்தேன். தங்கராஜ் சாரைக் கூப்பிட்டு, மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவருக்கு வாயெல்லாம் பல். ஆனால் ஒப்புக்கொண்ட வேலைகள் இரண்டு மிச்சம்: ஒரு தறிக்கூடம், என் கான்வென்ட் தோழி மஞ்சுளாவின் மகள் கல்யாணம். அந்த இரண்டில், கேமரா கையில் இருக்கும்போது வேட்டி நாளின் உணர்வு ஒரு தடவையாவது திரும்பி வராவிட்டால், கல்யாணத்துக்கு மறுநாள் எல்லாம் அவருக்கு. என் கணவரிடம் சொன்னேன். அவர் பால் பாத்திரத்தைப் பார்த்தார்.

கருமத்தம்பட்டியில் ஈஸ்வரியும் அவர் வீட்டுக்காரரும் தறி ஓட்டுகிறார்கள். விளம்பரத்துக்குப் படம் வேண்டும் என்றார்கள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். உள்ளே பஞ்சுத் தூசி பறந்தது. கேமராவுக்குள் போனால் தொலைந்தது, தங்கராஜ் சார் விலையைக் குறைப்பார். பிளாஸ்டிக் கவரைத் தேடிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து ஈஸ்வரி, ‘அதுக்குத் தூசி ஆகாதுன்னா அதை வெளிய உட்கார வைங்க, நீங்க உள்ள வாங்க’ என்றார். வெறும் கையோடு போனேன்.

கூரையில் இரண்டு இடத்தில் கண்ணாடி பதித்திருந்தார்கள். அதன் வழியாக இறங்கிய வெயில் தூணாக நின்றது. தூணுக்குள் பஞ்சு கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஆயிரக்கணக்கில், தண்ணீரை விரித்துக் கட்டிய மாதிரி. தறிச் சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. நூல் துணியாகிற அந்த ஒரு கோட்டைப் பார்த்தேன். இந்தப் பக்கம் நூல், அந்தப் பக்கம் துணி. நடுவில் எப்போது மாறுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கேட்ட படங்களை வாசலில் நின்று எடுத்துக் கொடுத்தேன் என்பது வேறு விஷயம். நான் பார்த்தது அவற்றில் இல்லை. தோளைத் தொட்டு என்னைத் திருப்பியது ஈஸ்வரிதான்.

“என்னங்கக்கா, வேலைக்குச் சேர்ந்த மாதிரி நின்னுபோட்டீங்க? டீ ஆறுதுங்க.”

பொட்டு வைத்த பை

மஞ்சுளா மகள் கல்யாணம் அவிநாசி ரோட்டு மண்டபத்தில். மாப்பிள்ளை வீடு அன்னூர். முதல்நாளே போய்விட்டேன். முகூர்த்த நாள் விடியற்காலையில், மணமகள் அறையில் பீரோவுக்கும் மிக்ஸிப் பெட்டிக்கும் பக்கத்தில் என் பையை வைத்துவிட்டு, சின்ன லென்ஸ் மாட்டிய கேமராவை மட்டும் கழுத்தில் போட்டுக்கொண்டு காபி குடிக்கப் போனேன். வெறும் காபி குடிக்கத்தான்.

திரும்பி வந்தால் அறை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பீரோ இல்லை, மிக்ஸி இல்லை, பை இல்லை. சீர்ச் சாமான் எதுவும் பொட்டில்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்பது நம் பக்கத்துச் சட்டம். அந்தச் சட்டத்தின் அதிகாரி மஞ்சுளாவின் அத்தை. சந்தனக் கிண்ணத்தோடு அறைக்குள் வந்து, இருந்ததற்கெல்லாம் பொட்டு வைத்து வேனில் ஏற்றிவிட்டார். வேன் அன்னூர் போய்க்கொண்டிருந்தது. நீள லென்ஸ், விளக்கு, மாற்று பேட்டரி எல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்கு. கான்வென்ட்டில் கற்ற ஆங்கிலம் முழுவதும் என் வாய்க்குள் வந்து நின்றது. அத்தை கொஞ்சமும் அசரவில்லை.

“நல்ல கனமா இருந்துச்சு கண்ணு. மாப்பிள்ளைக்கு என்னமோ பெருசா செஞ்சிருக்கறாங்கன்னு நெனச்சுபோட்டேன்.”

சேலையின் இரண்டு முனை

பையைத் துரத்த நேரமில்லை, இணைச்சீர் தொடங்கியது. மாப்பிள்ளை தாலி கட்டுவதற்கு முன் அவனோடு கூடப் பிறந்தவளை நிறுத்திச் செய்கிற சீர். கல்யாணம் ஆனாலும் இவள் உரிமை போகாது என்று ஊரறியச் சொல்வது. வழக்கமாக நான் இதைத் தூரத்தில் நின்று, நீள லென்ஸில் இழுத்து எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இன்றைக்கு இழுக்க ஒன்றுமில்லை. கேமராவில் பேட்டரியும் கடைசிக் கோட்டில். சொந்தக்காரர்களை விலக்கி, மணவறைக்கே போய்விட்டேன். கை நீட்டினால் தொடுகிற தூரம்.

அந்தத் தங்கைக்காரி அதுவரை அண்ணனை ஓட்டிக்கொண்டே இருந்தாள். ‘வேட்டிய புடிச்சுக்கடா, மானம் போயிரும்’ என்று அவள் சொன்னது எனக்கே கேட்டது. சீரை நடத்தி வைக்கிற அருமைக்காரர் கூறைச்சேலையின் ஒரு முனையை அவன் கையிலும், மறுமுனையை அவள் கையிலும் கொடுத்தார். அவ்வளவுதான். கேலி அறுந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. சேலை மட்டும் மெல்ல மெல்ல விறைத்தது. அவள் இழுக்கிறாள், அவன் விடவில்லை. அவள் கட்டைவிரல் நகம் வெளுத்துப்போயிருந்தது. அவன் தன் முனையைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டான். சின்ன வயதில் ஒரே போர்வைக்கு இவர்கள் இப்படித்தான் இழுத்திருப்பார்கள் என்று தோன்றியது. இத்தனை கல்யாணங்களில் இது எனக்கு முன்னால் நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. நான்தான் அங்கே இல்லை.

ஒரு படம் எடுத்தேன். சரியாக விழுந்ததா என்று பின்பக்கம் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. வாய் பிளந்திருந்தது, சிஸ்டர் இருந்தால் தாடை வீங்கியிருக்கும். மற்ற சடங்குகளையும் இப்படியே கிட்டே நின்று பார்த்துப் பார்த்து எடுத்தேன், பேட்டரி தாலிகட்டு முடியும்வரை தாக்குப்பிடித்தது. பந்தியில் அந்தத் தங்கை என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்து, கழுத்தில் கிடந்த கேமராவை அப்போதுதான் பார்த்தாள்.

“ஏனுங்கக்கா, நீங்க போட்டோ எடுக்க வந்தவங்களா? நான் எங்க சொந்தம்னுல்ல நெனச்சுட்டேன்.”

மறுநாள்

தங்கராஜ் சார் காலையிலேயே போன் செய்தார். கேமரா விற்பதற்கில்லை என்றேன். அப்படியானால் பையாவது என்றார். அது அன்னூரில் இருக்கிறது, வேண்டுமென்றால் வெற்றிலை பாக்குத் தட்டோடு போய்க் கேளுங்கள் என்று வைத்துவிட்டேன். பிறகு கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தேன். ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை வந்திருந்தது. வெளிச்சம் கொஞ்சம் குறைவு. தங்கராஜ் சார் பார்த்தால் இருபது குறை சொல்வார். அந்த வெளுத்த நகத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. சமையலறைப் பக்கமிருந்து ஒரு வாசனை வந்தது. எனக்கு உறைப்பதற்குள் என் கணவர் பின்னால் வந்து நின்றிருந்தார்.

“அடுப்ப நானே நிறுத்திட்டேன் அம்மணி. நீ எந்திரிக்காத, படத்தக் காட்டு.”

பையைத் திருப்பி அனுப்பட்டுமா என்று மஞ்சுளா இரண்டு தடவை கேட்டுவிட்டாள், ஆனால் பொட்டு வைத்து அனுப்பியது போன இடத்தில் சௌக்கியமாக இருக்கும்போது நாமாகப் போய் அழைத்துவருவது நம் பக்கத்து வழக்கமில்லையே.