நெத்திலி காயும் மாடி

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்தது ஒரே அறையும் சமையற்கட்டும். நான் கார்ப்பரேஷன் பள்ளியில் டீச்சர். கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்டு வேலை. பாதி நாள் பகலில்தான் தூங்குவார். நோட்டுகளைத் திருத்தவும் கதை எழுதவும் எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

முதலில் சமையற்கட்டில் உட்கார்ந்தேன். பிள்ளைகளின் நோட்டில் எண்ணெய்க் கறை பட்டது. அறைச் சன்னலோரம் போனால், நான் தாள் புரட்டும் சத்தத்துக்கே அவர் புரண்டு படுத்தார். ஒன்றும் சொல்லமாட்டார். அதனாலேயே அங்கே எழுத முடியவில்லை.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மாலை நாலு மணிக்கு நன்றாக நீளும். கடற்காற்று உண்டு. டீத்தூள் வந்த ஒரு பழைய மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு சனிக்கிழமை எழுத ஆரம்பித்தேன். ஆனால் அந்த மாடி கீழ்ப்போர்ஷனில் இருந்த மீன்காரப் பெண் கருவாடு காயப்போடும் இடம். அவளுக்கும் ஏறக்குறைய என் வயதுதான்.

"இன்னா டீச்சரம்மா, இங்க வந்து குந்திகினு கீறே?"

"எழுதணும். கீழே இடமில்லை."

"எழுது, வாணான்னு சொல்லல. ஆனா காக்காவ நீதான் ஓட்டணும். நான் அதுக்குள்ள மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வந்துருவேன்."

ஒப்புக்கொண்டேன். ஒரு கையில் பேனா, மறு கையில் மூங்கில் குச்சி. இரண்டு வாரத்தில் வாடை பழகிவிட்டது. வரிக்கு வரி தலையைத் தூக்கிப் பார்ப்பதும் பழகிவிட்டது.

ஒரு நாள் மட்டும் தலையைத் தூக்க மறந்தேன். கதையின் கடைசிப் பக்கம். அவள் திரும்பி வந்தபோது பாயில் பாதி நெத்திலியைக் காணோம். ஒரு பூனை கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது.

அவள் பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எழுந்து நின்றேன்.

"எழுதி முட்ச்சிட்டியா?"

"முடித்துவிட்டேன்."

"அப்ப படி. அப்படி இன்னாதான் எழுதினேன்னு கேக்கறேன்."

படித்தேன். புயலில் சிக்கிய கட்டுமரம் கரை சேர்கிறது. காத்திருந்த மனைவி மணலில் விழுந்து அழுகிறாள்.

"எவ அழுவா? மரம் கரைக்கு வந்தா கூடையத் தூக்கிகினு ஓடுவா. ஏலத்துக்கு முந்திக்கணுமில்ல? அப்பறமா வூட்ல போய் அவன வெச்சு வாங்குவா, காத்துல ஏன்டா போனேன்னு."

சொல்லிவிட்டு மீதி மீனை வாரிக்கொண்டு இறங்கிப் போனாள். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு, அவள் சொன்னபடியே எழுதினேன். ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். முடிவில் உருக்கம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு பத்திரிகை ஒரு வார்த்தையும் மாற்றாமல் போட்டது. அச்சில் வந்த என் முதல் கதை அதுதான். அவளுக்குப் படித்துக் காட்டியபோது, மீனைப் புரட்டிப்போட்டபடி கேட்டாள். திட்டுகிற இடம் வந்ததும் சத்தமாகச் சிரித்தாள்.

மழைக்காலத்துக்கு முன் வீட்டுக்காரர் மாடியில் கூரை போட்டு வேறொருவரைக் குடிவைத்தார். அடுத்த வருஷம் நாங்கள் காலடிப்பேட்டைக்குப் போனோம். அங்கே எனக்கென்று ஒரு மேஜையும், பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்த ஒரு சன்னலும் கிடைத்தன. அங்கேயும் நன்றாகத்தான் எழுதினேன்.