ஹனீபா பாய் எரித்த கொடி

ஜவுளிக்கடை ஹனீபா பாய் காலமான செய்தி போன வியாழக்கிழமை எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்தன. எனக்கு அழுகைக்கு முன் எரிச்சல்தான் வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் அவரைத் தேசத்துரோகி என்று பரப்பியதும் இதே குழுதான்.

அவரிடம் தேசியக் கொடி வாங்கியவர்களுக்குத் தெரியும், சக்கரத்தின் இருபத்துநான்கு ஆரங்களையும் எண்ணிப் பார்க்காமல் தரமாட்டார். ஒருமுறை கடையில் ஒருவர், "பச்சை உங்களுக்குத்தானே பாய்?" என்று சீண்டினார். "ஆதியில அப்படிச் சொன்னாங்க. அப்புறம் பெரியவங்க கூடி, நிறத்துக்கு மதமில்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க. ராட்டை போயி சக்கரமும் வந்தாச்சு. உங்களுக்குத்தானுங்க இன்னும் பழசு மறக்கல" என்றார்.

இரண்டு வருடங்களுக்கு முந்தைய அந்த ஆகஸ்ட் காற்றில் எங்கள் பள்ளிக் கொடி கிழிந்தது. தலைமையாசிரியையான நான்தான் அதை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "குப்பையில போடக் கூடாதுங்க டீச்சர். ஆரும் பாக்காத எடத்துல மரியாதையா எரிக்கோணும். விதியே அதுதானுங்க" என்று வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை வீட்டுப் பின்கட்டில் எரித்தார். யாரோ மதிலுக்கு மேலாகப் படம் பிடித்துவிட்டார்கள். பத்து மணிக்குள் போலீஸ் வந்தது.

"எரிச்சீங்களா, இல்லீங்களா?"

"எரிச்சேனுங்க. கொடி விதிய எடுத்துப் படிச்சுப் பாருங்க."

ஒருவரும் படிக்கவில்லை; ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். நான் பாலக்காட்டில் பயிற்சி வகுப்பில் இருந்தேன். அவர் மனைவி ஜமீலா போனில் அழுதார்: "கொடி நீங்க குடுத்ததுன்னு ஸ்டேஷன்ல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்." வகுப்பு முடிந்ததும் வருகிறேன் என்றேன்.

மாலையில் கடிதம் எழுதிக்கொண்டு போனேன். கடிதத்தையும் விதியையும் படித்துவிட்டு, வழக்கு ஏதும் இல்லை என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குள் அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. நடந்ததைக் குழுவில் எழுதினேன். இரண்டே இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

அடுத்த சுதந்திர தினத்துக்குப் அவர் கடையிலிருந்து பள்ளிக்குப் புதுக் கதர்க்கொடி வந்தது. அவர் வரவில்லை.

"ஏனுங்க பாய், கொடியேத்தத்துக்கு வரலீங்களா?"

"கொடி வந்துதுங்களே டீச்சர். அது போதுமுங்க."

அன்றைக்கு ஸ்டேஷனுக்கு வர ஏன் அவ்வளவு நேரமாயிற்று என்று அவர் என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், என் வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தேன் எனச் சொல்லியிருப்பேன். கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. பாலக்காட்டிலிருந்து மதியம் ஒன்றரைக்கே பஸ் இருந்தது.