பிரெஞ்சுப் படத்தைப் பற்றி ஆச்சி சொன்னது

புதுக்கோட்டையில் எங்கள் திரைப்படக் கழகம் மாதம் ஒரு படம் போடும். ஒரு டியூஷன் சென்டரின் மாடி ஹால்தான் தியேட்டர். பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கி, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, வெள்ளைத் திரையைக் கட்டினால் முடிந்தது. நான் அந்தக் கழகத்தில் பெரிய ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் டிக்கெட் புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு பாண்டிச்சேரியில் ஒரு டூரிஸ்ட் கம்பெனியில் வேலை பார்த்தபோது பிரெஞ்சு படித்தேன். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் பிரெஞ்சுப் படம் போட்ட அன்றைக்கு என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

இன்றைய சமூகத்தைப் பற்றிய சோதனைப் படம் என்று நோட்டீசில் போட்டிருந்தோம். எடுத்தவர் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. படம் முடிந்ததும் அவரே வீடியோ காலில் வந்து பார்த்தவர்களின் கருத்தைக் கேட்பதாக ஏற்பாடு. இங்கே பேசுவதை நான் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல வேண்டும்.

படத்தில் கதை என்று எதுவும் கிடையாது. நகரத்துக்கு வெளியே வரிசையாக நிற்கும் அடுக்குமாடிகள். லிஃப்டுக்குக் காத்திருக்கிறவர்கள். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியோடு நகர்கிறவர்கள். ஒரு பெரிய ஆபீசில் எல்லாரும் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சாப்பிடுகிறார்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை. நடுவில் வெகுநேரம் ஒரு அடுக்குமாடியின் உள்நடைபாதையை மட்டும் காட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். கடைசியில் ஒரு கதவு திறந்து, ஒருவர் குப்பைப் பையோடு போகிறார். திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொள்கிறார். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கும் கொட்டாவி வந்தது.

விளக்கைப் போட்டபோது வந்தவர்களில் பாதிப் பேர் மிஞ்சியிருந்தார்கள். திரையில் இயக்குநரின் முகம் வந்தது. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். கையில் காபிக் கோப்பை.

முதலில் எழுந்தவர் ஆலங்குடியிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்.

“தம்பி, அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. சின்ன வயசுலேருந்து படம் பாக்குறேன். இப்படி ஒண்ணு பாத்ததில்ல. பாராட்டாச் சொல்லலை. கதவைக் காட்டுறாங்க, காட்டுறாங்க, காட்டிக்கிட்டே இருக்காங்க. உள்ள என்னமோ நடக்கப்போகுதுன்னு நாமளும் உக்காந்திருக்கோம். கடைசியில குப்பையைக் கொட்டிட்டு வாராரு. மனுசன்னா பேசுவான், சண்டை போடுவான், பொய் சொல்லுவான். இவங்க பாத்த ஊர்ல ஒருத்தன்கூடவா வாயைத் தொறக்கலை? இதைச் சமூகம்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.”

எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்களை நம்பிப் படத்தைக் கொடுத்தவரிடம் இதை எப்படிச் சொல்வது? “ஐயாவுக்குப் படம் கொஞ்சம் நீளமாகத் தோன்றியதாம்” என்று பிரெஞ்சில் சொல்லிவைத்தேன். இயக்குநர் தலையாட்டிக்கொண்டார்.

தலைமை ஆசிரியர் உட்காரவில்லை. “என்ன தம்பி, நான் அம்புட்டுப் பேசுனேன். நீங்க ஒரு வரியில முடிச்சிட்டீங்க? பிரெஞ்சு அவ்வளவு சிக்கனமான பாஷையா?”

ஹாலே சிரித்தது. என்ன சிரிப்பு என்று இயக்குநர் கேட்டார். வேறு வழியில்லாமல் தலைமை ஆசிரியர் சொன்னது முழுவதையும் சொன்னேன். இயக்குநர் கோப்பையைக் கீழே வைத்தார். கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

“அப்படியென்றால் அவர் ஏன் பாதியில் எழுந்து போகவில்லை?”

“போயிருப்பேன். அந்தக் கதவு தொறக்காம எப்படிப் போறது?” என்றார் தலைமை ஆசிரியர்.

இதைச் சொன்னதும் இயக்குநரும் சிரித்துவிட்டார். அதன் பிறகு நான் எதையும் சுருக்கவில்லை. ஒரு கல்லூரி மாணவி எழுந்து, இது தனிமையைப் பற்றிய படம், பொறுமை இல்லாதவர்களுக்குப் புரியாது என்றாள். தலைமை ஆசிரியர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்து, சுவரோரம் உட்கார்ந்திருந்த ஆச்சி கையைத் தூக்கினார். திருமயத்துப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. கணவர் இல்லை. மகன்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அவர் மட்டும் புதுக்கோட்டையில் வாடகை வீட்டில் இருந்தார். மகன்களைப் பார்க்கப் போக என்னிடம்தான் ரயில் டிக்கெட் போடுவார். அப்படி வந்தபோது நான் கொடுத்த நோட்டீசைப் பார்த்துத்தான் அன்றைக்கு வந்திருந்தார்.

“அந்தக் கட்டடம் பூராம் ஆளு இருக்கு. ஆனா ஆளில்லாத மாதிரி இருக்கு. ஊர்ல எங்க வீடு இதுக்கு நேர்மாறு. முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. உள்ள ஒருத்தரும் இல்ல. வெளியில நின்னு பாத்தா கல்யாணத்துக்குக் கூடுன கூட்டமே உள்ள இருக்குங்கிற மாதிரி தெரியும்.”

அந்த வீட்டுக்கு நீங்கள் போவதுண்டா என்று இயக்குநர் கேட்டார்.

“மாசம் ஒருதடவை போவேன். கதவு ஜன்னலெல்லாம் தொறந்து வைப்பேன். பொழுது சாயுறதுக்குள்ள பூட்டிட்டு வந்துருவேன்.”

“என் படம் உங்களுக்குப் பிடித்ததா?”

ஆச்சி கொஞ்சம் யோசித்தார். “பிடிச்சுதுன்னு சொல்ல வரலை. பயமா இருந்துச்சு. என்னையும் கடைசியில இப்படி ஒரு மாடியில கொண்டுபோய் வச்சிருவாகளோன்னு.”

நான் சொல்லி முடித்ததும் இயக்குநர் நன்றி என்று மட்டும் சொன்னார். கூட்டம் அதோடு முடிந்தது.

சில மாதம் கழித்து ஆச்சி ஆபீசுக்கு வந்தார். டிக்கெட் எதுவும் கேட்கவில்லை. கிராமத்து வீட்டை விற்கப் பங்காளிகள் எல்லாரும் ஒத்துக்கொண்டுவிட்டார்களாம். மகன்கள் அவருக்குத் திருச்சியில் ஃபிளாட் பார்த்திருக்கிறார்களாம், ஏழாவது மாடி. ஆஸ்பத்திரி பக்கம், ரயிலும் பக்கம்.

“அந்தப் படத்தை மறுபடி ஒருக்கா பாக்க முடியுமா?” என்று கேட்டார்.

இயக்குநரிடம் கேட்டு அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஆச்சி முழுப்படமும் பார்க்கவில்லை. அந்த நடைபாதைக் காட்சியை மட்டும் போடச் சொன்னார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு, “சரி, போதும்” என்று எழுந்து காபி போடப் போனார்.

அதற்கடுத்த வருடம் ஒரு வேலையாகத் திருச்சிக்குப் போனபோது அவரைப் பார்க்கப் போனேன். லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் நீண்ட நடைபாதை, இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. கோடியில் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. உள்ளே ஆச்சியும் இன்னொரு அம்மாவும் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க, வாங்க. இங்கிட்டு உக்காருங்க” என்றார் ஆச்சி. உடம்பு கொஞ்சம் தேறியிருந்தார்.

சௌகரியமா என்று கேட்டேன்.

“அந்தம்மா படத்துல காட்டுன மாதிரி இல்ல. நான் வந்த மறுநாளே இவுக உறைமோர் கேட்டு வந்துட்டாக. மாசாமாசம் போயி அந்தக் கதவுகளைத் தொறந்து சாத்துற வேலை ஒழிஞ்சுது. வீடு போனது ஒரு வாரம் கஷ்டமா இருந்துச்சு, இல்லைங்கலை. அப்பறம் சரியாப் போச்சு.” கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, “அன்னைக்குப் பயமா இருந்துச்சுன்னு சொன்னேன்ல? அதை மாத்திக்கிட்டேன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிருங்க” என்றார்.

சொல்கிறேன் என்றேன்.

“ஒண்ணு மட்டும் அவுக சரியா எடுத்திருக்காக. லிஃப்டுல ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டேங்குறாக. அதையும் சேத்துச் சொல்லுங்க.”

ஊர் திரும்பியதும் இரண்டையும் பிரெஞ்சில் எழுதி அனுப்பினேன். நாலைந்து நாளில் பதில் வந்தது. ரொம்ப சந்தோஷம், அவருக்கு என்ன வயது, எத்தனையாவது மாடியில் இருக்கிறார் என்று கேட்டிருந்தார். ஆச்சிக்குப் போன் செய்து கேட்டேன்.

“மாடியைச் சொல்லுங்க. வயசு எதுக்கு அவுகளுக்கு?” என்றார்.