புரட்டாசி சனிக்கிழமையில் மஞ்சள் துணி

வாசகசாலை நண்பர்களுக்கு, இன்று மயிலாப்பூரில் நடந்தது, வரிசையாக:

1. லானுக்குக் கூச்சம் அதிகம்.
2. மஞ்சள் துணி என் யோசனை.
3. அரிசி கிடைத்தது.

லான் இங்கே படிக்க வந்திருக்கும் வியட்நாம் பெண். போரில் பெற்றோரை இழந்த தன் ஊர்க் குழந்தைகளுக்காக உண்டியல் ஏந்துகிறாள். போன வாரம் ஒன்றும் விழவில்லை. இன்றும் அப்படியென்றால் விட்டுவிடுவதாக இருந்தாள். கண்ணில் படட்டுமென்று உண்டியலுக்கு மஞ்சள் துணி சுற்றிக் கொடுத்தேன். திருப்பதிக்கு வேண்டிக்கொண்டவர்கள் மஞ்சள் துணி சுற்றிய சொம்போடு வீடு வீடாக அரிசி கேட்கும் புரட்டாசி சனிக்கிழமை இது என்பது நினைவில்லை.

முதல் வீட்டு மாமி ஆழாக்கு அரிசியோடு வந்தார். "திருப்பதிக்கு வேண்டிண்டிருக்கியாடி கொழந்தே?"

பேசாமல் வாங்கிக்கொள் என்று விளக்குக் கம்பத்துக்குப் பின்னாலிருந்து சைகை காட்டினேன்.

லான் கேட்கவில்லை. "சாமிக்கு இல்லை மாமி. எங்க ஊர்ல அப்பா அம்மா இல்லாத பசங்களுக்கு" என்றாள், தெரிந்த தமிழில்.

மாமி ஆழாக்கை நீட்டினார். "கொண்டுவந்த அரிசியைத் திரும்ப உள்ளே எடுத்துண்டு போகப்படாது. பிடி." பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து ரூபாய் போட்டார். "இது பசங்களுக்கு. கம்பத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுண்டிருக்காரே, அவருக்கு என்ன வேண்டுதல்?"

அடுத்த வீட்டுக் கதவை லான் என்னைக் கேட்காமலே தட்டினாள்.

அரிசியை விலைக்கு எடுத்துக்கொள்பவர்கள் கீழே எழுதலாம். முதல் குறிப்பு மட்டும் தவறு. லானின் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போட்டுப் படிக்கவும்.