குழிக்குள் கல் போட்ட சாரதி

அன்று நான், ரமணன், சிவா மூவரும் போனோம். வாடகைக்கு வானைப் பேசித் தந்த குமார் காய்ச்சலென்று வெள்ளவத்தையிலேயே நின்றுவிட்டான். நாங்கள் போன இடம், பென்சிற்கரி தோண்டிய பழைய சுரங்கக் காடு; இப்போது நடைபாதைகள் போட்ட பூங்கா. கொட்டாஞ்சேனைக்கார வான் சாரதியும், இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடு எங்களுடன் நடைபாதையில் ஏறி வந்தார்.

கம்பிவலை அடித்த ஒவ்வொரு குழியிலும் ஒரு கல்லைப் போட்டுவிட்டுக் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். கீழே தண்ணீரில் அது விழுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. கடைசிக் குழியில் என்னிடம் கேட்டார்.

“சத்தம் வந்துச்சா தம்பி? உண்மையச் சொல்லுங்க.”

“ஓம் அண்ணே, வந்தது,” என்று காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னேன்.

“எனக்கு ஒண்ணுமே கேக்கல. வீட்டுல டிவி சத்தம்னு சமாளிச்சிட்டேன். இங்க என்னத்தச் சொல்ல?”

“டொக்டரிட்டக் காட்டுங்களன்!” சிவா கத்தினான்.

“காட்டினா வான் ஓட்டாதேம்பாரு. பொறகு நீயா சோறு போடுவ, மல்லி?” தம்பி என்பதைச் சிங்களத்தில் சொன்னார்.

திரும்பும்போது என்னை முன்சீட்டில் இருத்தி, யாராவது ஹோர்ன் அடித்தால் தோளில் தட்டச் சொன்னார். வெள்ளவத்தை வரை தட்டிக்கொண்டே வந்தேன். மறுநாளும் அவர் வான் எடுத்தாரா, யார் தட்டினார்கள் என்று இன்றும் யோசிக்கிறேன்.

இறங்கியதும் பேசிய கூலி பதினெட்டாயிரத்தைக் கொடுத்தோம். “இது ஒங்க சம்பளம்” என்று ஆயிரத்தை என் கையில் திருப்பி வைத்தார். முடிவில் எங்களுக்குச் செலவு பதினேழாயிரம் ரூபா.