வணக்கத்தை வெட்டும் லுசுங்கு

“பேப்பரைக் கவுத்து வைங்கண்ணே. வாயால சொல்லுங்க.”

மருத்துவ மாநாட்டுக்கு முதன்முறையாக ஆய்வுச் சுருக்கம் எழுதுகிறவர் யார் வந்தாலும் என் தங்கை லுசுங்கு இப்படித்தான் தொடங்குவாள். எங்கள் முசூசு நகர மருத்துவமனை ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. சனிக்கிழமைகளில் என் தையல் கடையின் வெட்டுமேசையில் பாதி அவளுடையது. கூலி கிடையாது, வறுத்த நிலக்கடலை மட்டும் வாங்கிக்கொள்வாள். தோலை ஊதிக்கொண்டே கேட்பாள், என் துணியெல்லாம் தோல். எதிரில் இருப்பவர் சுற்றி வளைத்தால் ஊதுவது நின்றுவிடும்.

போன சனிக்கிழமை ஏரிக்கரை மருந்தகத்திலிருந்து நர்ஸ் நியிரோங்கோ வந்தார். ஐம்பத்திரண்டு வயது, இஸ்திரி கலையாத கோட்டு. அன்று மாலை ஐந்துக்குள் சுருக்கத்தை அனுப்பாவிட்டால் அடுத்த மாநாடு இரண்டு வருடம் கழித்துத்தான். இருநூற்றைம்பது சொற்களுக்குத்தான் அனுமதி. நான் எண்ணினேன்: மாவட்ட அதிகாரி, ஊர்த்தலைவர், மேட்ரன் என்று வரிசையாக வணக்கம் சொல்லியே தொண்ணூற்றாறு சொற்களைச் செலவழித்திருந்தார்.

“முடிவு எங்கண்ணே?” என்றாள் லுசுங்கு.

“அதுக்குள்ள எடம் தீந்துபோச்சு தங்கச்சி.”

“இதென்ன, கல்யாண மேடையா?”

“சிரிக்காத. தலைவரை விட்டுட்டு எழுதினா ஊருக்குள்ள எப்படித் தலைகாட்டுவேன்?”

“சரி, அந்தத் தலைவர் என்ன செஞ்சாரு?”

“செவ்வாக்கெழம மீன் சந்தை. அன்னிக்குத் தடுப்பூசின்னா எந்தத் தாய் வருவா? வியாழனுக்கு மாத்தினேன். அவருதான் வீடு வீடா ஆள் அனுப்பிச் சொன்னாரு. நூத்துக்கு நாப்பத்தொரு பிள்ளைங்க வந்த எடத்துல இப்ப எழுபத்தெட்டு!”

“அப்ப அவருக்கு வணக்கம் எதுக்கு? அவரு செஞ்ச வேலையை எழுதுங்க. அதுதான் ஆய்வு முறை.”

நியிரோங்கோ வாய்விட்டுச் சிரித்தார். கோட்டைக் கழற்றிவிட்டு, அவளுடைய மடிக்கணினியில் அழித்து அழித்து எழுதினார். ஒரு சொல்லைக்கூட இவள் எடுத்துக் கொடுக்கவில்லை, “அப்புறம்?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு ஐம்பதுக்கு இருநூற்று நாற்பத்தெட்டு சொற்கள். இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

எழுதியவர் பெயர் கேட்ட கட்டத்தில் அவர் தன் பெயருக்கு மேலே என் தங்கையின் பெயரைத் தட்டினார். அச்சில் அதைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

“நீதான தங்கச்சி வழி சொன்ன!”

“ஊசி போட்டது யாரு?”

கணினியைத் தன் பக்கம் இழுத்தாள் லுசுங்கு. ஆங்கிலத்தில் குடும்பப் பெயரோடு சேர்த்து அவள் பெயர் பதின்மூன்று எழுத்து. ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, கணினியை அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.