இடப் பக்கத்துக் காது

ரசிகர்கள் அவளை "இடி அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேமுக்குள் லென்ஸைப் பொருத்த வேண்டும், பெருமூச்சு விட்டால்கூடப் பிசகிவிடும். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து அரங்கத்தையே உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். முன்னால் நின்று கிட்டார் வாசித்துப் பாடுகிறவன் அவளுடைய புருஷன், தொழில் லிஃப்ட் மெக்கானிக்.

ஆரம்பத்தில் அந்த ராக் குழுவில் ஐந்து பேர். ஒருவன் வேலை கிடைத்து வெளியூர் போனான். இன்னொருவனுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. மூன்றாமவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். மிச்சம் இருந்த இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். "ஆள் குறைஞ்சா சண்டையும் குறையும்னு கணக்குப் போட்டேன், ஏமாந்துட்டேன்" என்று அவன் மேடையில் சொல்வான். பதினேழு வருஷமாக அதே வேடிக்கைதான். கூட்டமும் சளைக்காமல் சிரித்தது.

கடைசி இரண்டு வருஷமாக அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வீட்டில் அவன் அவளோடு பேசுவதே குறைந்துபோயிருந்தது. அவனுக்கு இடப் பக்கமாக, அடுப்படியில் நின்று அவள் ஏதாவது கேட்பாள். மேஜையில் உட்கார்ந்திருப்பவன் தலையைக்கூடத் தூக்க மாட்டான். இன்னொரு தரம் கேட்பாள். மூன்றாவது தரம் குரலை உயர்த்தினால், "ஏன் கத்துற?" என்பான். கொஞ்ச நாளில் கேட்பதையே விட்டுவிட்டாள். குழாய்த் தண்ணீர், தட்டு, கரண்டி, கதவு. அந்த வீட்டில் அவ்வளவுதான் சத்தம்.

ஒரு நாள் காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "நான் வீட்டை விட்டுப் போயிடலாம்னு பாக்குறேன்."

அவன் ஷூ கயிற்றைக் கட்டி முடித்தான். பையை எடுத்தான். "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்றைக்குக் கடையில் மூன்று லென்ஸ் உடைந்தது. முதலாளி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே பெருக்கி அள்ளினார்.

இதில் கொடுமை என்னவென்றால், மேடையில் மட்டும் அவன் அவளை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. பாட்டுக்கு நடுவில் நாலு தரம், ஐந்து தரம் திரும்பிப் பார்ப்பான். "கண்ணாலயே பேசிக்கிறாங்க, பாரேன்" என்று ரசிகர்கள் போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். ஊருக்கு முன்னால் மட்டும் பார்க்கிறானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஆத்திரத்தையும் சேர்த்து அடிப்பாள். கைதட்டல் கூடும்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. படிக்கிற கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வேலைக்குப் போயிருந்தான். அவளே லென்ஸ் போட்டுக் கொடுத்த கண்ணாடி. கடைக்குப் போகிற வழிதானே என்று எடுத்துப் போனாள். ஒன்பது மாடிக் கட்டிடம். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவைத் திறந்துபோட்டுக் குனிந்திருந்தான். "இந்தா" என்றாள். அசையவில்லை. "உன்னைத்தான்." அதற்கும் இல்லை.

கூட வேலை பார்க்கிற எலெக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து சிரித்தார். "வலப் பக்கமா வாம்மா தங்கச்சி. இடக் காதுல இடியே விழுந்தாலும் மச்சானுக்குக் கேக்காது. ரெண்டு வருஷமாச்சே."

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைக் கவனித்தார். ஏணியை விட்டு இறங்கி, டீ குடிக்கப் போகிறவர் போல வெளியே நழுவிவிட்டார்.

அவனை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "கூட வேலை பாக்குறவருக்குத் தெரியுது. எனக்குத் தெரியக் கூடாதா?"

"சொன்னா நீ மெதுவா அடிப்ப."

"நான் எதுக்கு மெதுவா அடிக்கணும்?"

அவன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "பதினேழு வருஷமா மேடையில என் இடப் பக்கம் பின்னால யாரு உக்காந்திருக்கா? டாக்டர் கேட்டாரு. டிரம்ஸ்னு சொன்னேன். யாரு அடிக்கிறான்னு சொல்லல."

அப்போதுதான் அந்தப் பார்வைகள் அவளுக்குப் புரிந்தன. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்துத் தாளத்தைப் பிடித்திருக்கிறான். அழுவதா, அவன் தோளில் ரெண்டு போடுவதா என்று தெரியவில்லை.

"நான் வீட்டை விட்டுப் போறேன்னு ஒரு நாள் சொன்னேன்" என்றாள்.

"எப்போ?" என்று கேட்டான். நிஜமாகவே கேட்டான். கண்ணாடியை அவன் சட்டைப் பையில் செருகிவிட்டுக் கடைக்கு நடந்தாள்.

அந்த வாரமே மருத்துவரிடம் போனார்கள். வலது காதையாவது காப்பாற்ற வேண்டுமானால் மேடையை விடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். அவன் கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். அவளும் நிறுத்திவிடுகிறேன் என்றாள். "நீ நிறுத்தினா அதுக்கும் நான்தான் காரணம்னு ஆகும். அந்தப் பாரம் எனக்கு வேணாம். போய் வாசி" என்றான்.

இப்போது வீட்டில் அவள் அவனுக்கு வலப் பக்கம்தான் உட்காருகிறாள். எது கேட்டாலும் உடனே பதில் சொல்கிறான். கேஸ் சிலிண்டர் தீர்ந்ததா, மழை வருமா என்று பேசிக்கொள்கிறார்கள். முன்பு எந்தப் பாட்டை முதலில் வைப்பது என்று சண்டை போடுவார்கள். இப்போது அந்தச் சண்டை இல்லை. அதற்குப் பதிலாக என்ன பேசுவது என்று இரண்டு பேருக்குமே பிடிபடவில்லை.

அவள் தனியாக வாசித்த முதல் நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கூப்பிட்டுப் பார்த்தாள். "வந்தா கை சும்மா இருக்காது" என்று அவன் வரவில்லை. டிரம்ஸுக்குப் பின்னாலிருந்தே, அவன் எழுதிய வரிகளைத் தன் கட்டைக் குரலில் பாடினாள். இரண்டாவது பாட்டில் கிட்டார் தனியாக ஒலிக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே வந்ததும் அவள் கை தானாக நின்றுவிட்டது. எட்டு எண்ணிக்கை. மேடை காலியாகக் கிடந்தது. கூட்டம் அதைப் புதுப் பாணி என்று நினைத்து, மூச்சுவிடாமல் காத்திருந்தது. ஒன்பதாவதில் அவள் மறுபடி அடிக்க ஆரம்பித்தாள்.

அதன் பிறகு எத்தனையோ மேடை ஏறிவிட்டாள். நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் அந்த இடத்தில் ஏதாவது போட்டு நிரப்பச் சொல்கிறார்கள். சரி சரி என்று தலையாட்டுகிறாள், நிரப்புவதில்லை.